மீன் வளர்க்கும் நீரில் கிருமிநீக்கம்: தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

மீன் சுவாசிப்பதும், உண்பதும், கழிவை வெளியேற்றுவதும் ஒரே நீரில்தான். ஆடு மாடுகளுக்குக் காற்று வேறு, குடிநீர் வேறு, படுக்கும் தரை வேறு. ஒன்று கெட்டாலும் மற்றவற்றைக் காப்பாற்றிக்கொள்ள வழியுண்டு. மீனுக்கு அந்தப் பிரிவினை கிடையாது. தொட்டியில் நோயுற்ற ஒரு மீன் உதிர்க்கும் சளியும் தோல் செதிலும் கழிவும் சிறிது நேரத்திலேயே மற்ற மீன்களின் செவுள்களைத் தொட்டுவிடுகின்றன. விரிந்த ஏரியில் அந்தக் கிருமிகள் நீர்த்துப்போகும். பண்ணையிலோ ஒரு கன மீட்டர் நீரில் பல கிலோ மீன் நெருங்கி வாழ்வதால், கிருமி தேடி அலைய வேண்டிய அவசியமே இல்லை. மீன் பண்ணையில் நோய்த் தடுப்பு நீரிலிருந்து தொடங்குவது இதனால்தான். நீரில் உள்ள நோய்க் கிருமிகளை, அவை மீனைச் சென்றடைவதற்கு முன்பே கொல்வது அல்லது செயலிழக்கச் செய்வதுதான் கிருமிநீக்கம்.

இதைப் புரிந்துகொள்ள நன்னீர் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய் நல்ல எடுத்துக்காட்டு. இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணிதான் அதற்குக் காரணம். அது மீனின் மேல்தோலுக்கு அடியில் புகுந்து, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவு வரை வளர்கிறது. நாம் காணும் உப்புக்கல் போன்ற வெண்புள்ளி அதுதான். வளர்ந்தபின் தோலை விட்டு வெளியேறி, தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிப் பசை போன்ற கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கான குஞ்சு உயிரிகளாகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் கூட்டை உடைத்துக்கொண்டு நீரில் நீந்தி, ஓரிரு நாட்களுக்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்தாக வேண்டும், இல்லையேல் மடிந்துவிடும். தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை நீரில் செய்யும் எந்தக் கிருமிநீக்கமும் தொடாது. கூட்டுக்குள் இருப்பதும் பெரும்பாலும் தப்பிவிடும். நீரில் நீந்தித் திரியும் அந்தக் குறுகிய காலத்தில்தான் அது நம் கைக்குள் வருகிறது. நீரின் கிருமிநீக்கம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதற்கு இந்த ஒட்டுண்ணியே பதில் சொல்லிவிடுகிறது: பயணத்தில் இருக்கும் கிருமியை அது பிடிக்கும், ஏற்கெனவே மீனுக்குள் குடியேறிவிட்ட கிருமியை அது பிடிக்காது. அது தடுப்பு முறை, சிகிச்சை அல்ல.

இங்கே ஒரு சொல் வேறுபாட்டையும் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நுண்ணுயிர் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிப்பது வேறு, நோய் உண்டாக்க முடியாத அளவுக்குக் கிருமிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது வேறு. பண்ணையில் நாம் செய்வது இரண்டாவது. 99.9 விழுக்காடு கிருமிகள் அழிந்தன என்றால், ஒரு லிட்டரில் 10 லட்சம் இருந்த இடத்தில் இன்னும் 1,000 மிஞ்சியிருக்கின்றன என்று பொருள். பெரும்பாலான நோய்களுக்கு அந்த 1,000 போதாது. ஆனால் நீர் தொடக்கத்திலேயே மிக மோசமாக இருந்தால், மிஞ்சியதே போதுமானதாகிவிடலாம்.

இந்தத் துறையின் எல்லா முறைகளுக்கும் அடியில் ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. கிருமியைக் கொல்லும் பொருள் மீனையும் கொல்லும். செவுள் இழையில் இரத்தத்தையும் நீரையும் பிரிப்பது மிக மெல்லிய செல் அடுக்கு மட்டுமே. ஆக்ஸிஜன் உள்ளே வர வேண்டுமானால் அது மெல்லியதாகத்தான் இருக்க முடியும். பாக்டீரியாவின் சுவரைச் சிதைக்கும் குளோரினுக்கு இந்த அடுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே கிருமிநீக்கியும் மீனும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சந்திக்காதபடி பார்த்துக்கொள்வதே இதன் அடிப்படை விதி. மீனை விடுவதற்கு முன்பே நீரைச் சுத்திகரித்து, மருந்தின் மிச்சத்தையும் நீக்கிவிடலாம். அல்லது மீன் இருக்கும் தொட்டிக்கு வெளியே, குழாய்ப் பாதையில் வைத்துச் சுத்திகரிக்கலாம். முன்னது காலத்தால் பிரிப்பது, பின்னது இடத்தால் பிரிப்பது. இனி நாம் பார்க்கும் ஒவ்வொரு முறையையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் குழப்பம் வராது.

முதலில் வடிகட்டல்

கலங்கிய நீரில் எந்தக் கிருமிநீக்கியும் தன் முழு வேலையைச் செய்யாது. மண் துகள், தீவன மிச்சம், மீன் கழிவு ஆகியவற்றின் இடுக்குகளில் பாக்டீரியாக்கள் ஒளிந்துகொள்கின்றன. ஒளிக்கு அவை நிழலாகவும், வேதிப்பொருளுக்கு அவை பசியுள்ள வாயாகவும் அமைகின்றன. எனவே நீரை முதலில் ஒரு தேக்கத் தொட்டியில் தங்கவைத்துத் துகள்களைப் படியவிட்டு, பின்னர் மணல் வடிகட்டி அல்லது நுண்வலை வழியே செலுத்த வேண்டும். வலை வடிகட்டி இன்னொரு நன்மையையும் செய்கிறது: வெளி நீரோடு வரும் காட்டுமீன் குஞ்சுகளையும், நண்டு போன்றவற்றின் இளம் உயிரிகளையும், அவற்றோடு சேர்ந்து வரும் நோயையும் அது வாசலிலேயே நிறுத்துகிறது. விலை கூடிய கருவிக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் வடிகட்டலைச் சீராக்குங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வேன். சுத்திகரிப்பு தோற்ற இடங்களில் பெரும்பாலும் காரணம் கலங்கல்தான்.

குளோரின்: எளிதில் கிடைப்பது, எளிதில் தவறுவது

தொட்டியையும் குட்டையையும் மீன் விடுவதற்கு முன் சுத்திகரிக்க உலகெங்கும் அதிகம் பயன்படுவது குளோரின்தான். பிளீச்சிங் பவுடராகவோ, கால்சியம் ஹைப்போகுளோரைட்டாகவோ, திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டாகவோ அது கிடைக்கிறது. புதிய பிளீச்சிங் பவுடரில் செயல்படும் குளோரின் எடையில் 30 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும்; கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் 65 முதல் 70 விழுக்காடு வரை இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால் இந்த அளவு வேகமாக இறங்கும். மூட்டையைப் பிரித்துப் பல வாரங்கள் ஆன பவுடரை நம்பிக் கணக்குப் போடுவது ஆபத்து.

கணக்கு எளிது. ஒரு பிபிஎம் என்பது 1,000 லிட்டர் நீருக்கு ஒரு கிராம். 10,000 லிட்டர் தொட்டியில் 10 பிபிஎம் குளோரின் வேண்டுமானால், தேவை 100 கிராம் தூய குளோரின். 30 விழுக்காடு உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் சுமார் 333 கிராம் போட வேண்டும். அதே பவுடர் பழையதாகி 20 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தால் 500 கிராம் தேவைப்படும். அது தெரியாமல் 333 கிராமே போட்டால் நீரில் கிடைப்பது 7 பிபிஎம்கூட இல்லை.

இதைவிட முக்கியமான ஒன்று, போட்ட குளோரின் எல்லாம் கிருமிக்குப் போவதில்லை என்பது. இதை வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு வாளிகளை எடுத்து, ஒன்றில் தெளிந்த கிணற்று நீரையும் மற்றொன்றில் பாசி படிந்த குட்டை நீரையும் நிரப்பி, இரண்டிலும் 5 பிபிஎம் குளோரினைக் கலக்கி, அரை மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். கிணற்று நீரில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். குட்டை நீரில் ஏதும் மிஞ்சாமலே போகலாம். பாசி, கரைந்த கரிமப்பொருள், இரும்பு, அம்மோனியா ஆகியவை அதை முதலில் தின்றுவிடுகின்றன. இதைக் குளோரின் தேவை என்கிறார்கள். அந்தத் தேவை தீர்ந்தபின் மிஞ்சி நிற்கும் குளோரின்தான் கிருமியோடு போராடுகிறது. எனவே "எவ்வளவு போட்டோம்" என்பதை விட "அரை மணி நேரத்துக்குப் பிறகு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது" என்பதே சரியான கேள்வி.

அடுத்தது பி.எச்., அதாவது நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு. குளோரின் நீரில் கரையும்போது இரண்டு வடிவங்களில் இருக்கிறது: ஹைப்போகுளோரஸ் அமிலம், ஹைப்போகுளோரைட் அயனி. மின்னூட்டம் இல்லாத அமில வடிவம் கிருமியின் சுவரை எளிதில் ஊடுருவும். அயனி வடிவம் அந்த அளவுக்கு வீரியமானது அல்ல. பி.எச். 6.5-இல் ஏறத்தாழ 90 விழுக்காடு அமில வடிவில் இருக்கும், 7.5-இல் பாதிக்குப் பாதி, 8.5-இல் 10 விழுக்காடு அளவே. பாசி செழித்த குட்டையில் பிற்பகலில் பி.எச். 9-ஐத் தொடுவது சாதாரணம். அந்த நேரத்தில் குளோரின் போடுவது மருந்தை வீணாக்குவது போலத்தான். விடியற்காலையில் பி.எச். தாழ்ந்திருக்கும், மாலையில் போட்டால் இரவு முழுதும் வெயில் அதைச் சிதைக்காது. நீரை அளந்து பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். சுண்ணாம்பு இட்ட கையோடு குளோரின் போடுவதும் இதே காரணத்தால் பயனற்றது: சுண்ணாம்பு பி.எச்-ஐ ஏற்றி, குளோரினின் பல்லைப் பிடுங்கிவிடுகிறது.

வேலை முடிந்தபின் மிஞ்சிய குளோரினை நீக்கியாக வேண்டும். காற்றூட்டியை ஓடவிட்டு வெயிலில் விட்டால், தனித்த குளோரின் ஓரிரு நாட்களில் மறையும். அவசரம் என்றால் சோடியம் தயோசல்பேட் உண்டு. ஒரு கிராம் குளோரினுக்கு 7 கிராம் என்ற நடைமுறைக் கணக்கு பாதுகாப்பானது. நம் 10,000 லிட்டர் தொட்டியில் 2 பிபிஎம் மிஞ்சியிருந்தால், 20 கிராம் குளோரினுக்கு 140 கிராம் தயோசல்பேட் போட வேண்டும்.

இந்த இடத்தில் தொடங்குபவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள், அதனால் சற்று நின்று சொல்கிறேன். நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதனோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. அதற்குக் கிருமியைக் கொல்லும் வேகம் குறைவு, ஆனால் மீனுக்கு அது நஞ்சுதான். வெயிலுக்கும் காற்றுக்கும் அது சீக்கிரம் மறையாது. நீரில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி என்ற சோதனையில் "தனித்த குளோரின்" என்றும் "மொத்தக் குளோரின்" என்றும் இரண்டு படிகள் உண்டு. முதல் படியில் நிறம் வரவில்லை என்று மீனை விட்டுவிட்டால், இரண்டாம் படியில் காட்டியிருக்கக்கூடிய குளோரமைன் மீனைக் கொன்றுவிடும். இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய மிச்சமே பல மீன் இனங்களுக்கு உயிர்க்கேடு. இன்னொரு பொறியும் இருக்கிறது: குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது டிபிடியின் நிறத்தையே வெளுக்கச் செய்துவிடும், இளஞ்சிவப்பு ஒரு கணம் மின்னி மறைந்து, குழாய் தெளிந்த நீராகத் தோன்றும். சந்தேகம் வந்தால், மாதிரி நீரை நல்ல நீரில் பத்து மடங்கு கலந்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

கையாள்பவரின் பாதுகாப்பையும் சொல்லாமல் நகர முடியாது. பவுடரை நீரில்தான் கொட்ட வேண்டும், பவுடர் மேல் நீரை ஊற்றக் கூடாது. அமிலத்தோடு அது சேர்ந்தால் குளோரின் வாயு எழும். மூடிய அறையில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும். கையுறையும் கண் கவசமும் அணிந்து, காற்றோட்டம் உள்ள இடத்தில்தான் கரைக்க வேண்டும்.

புற ஊதா ஒளி

குளோரினை மீன் இருக்கும்போது பயன்படுத்த முடியாது. புற ஊதா ஒளியை முடியும். மூடிய உருளைக்குள் குவார்ட்ஸ் கண்ணாடி உறையில் விளக்கை வைத்து, அதைச் சுற்றி நீரை ஓடவிடுகிறார்கள். 254 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அந்த ஒளி கிருமியின் மரபணுப் பொருளைச் சேதப்படுத்தி, அது பெருகாதபடி செய்கிறது. நீரில் எதையும் சேர்ப்பதில்லை, எதையும் மிச்சம் வைப்பதில்லை. உருளையைத் தாண்டிய நீர் நேரே மீனிடம் போகலாம். அதுவே அதன் குறையும்கூட: உருளையைக் கடந்தபின் நீரில் காவல் இல்லை, குழாயில் ஒட்டியிருக்கும் கிருமியையோ தொட்டிக்குள் ஏற்கெனவே இருப்பதையோ அது தொடாது.

ஒளியின் அளவை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை மில்லிஜூல் என்று கணக்கிடுகிறார்கள். ஒளியின் செறிவை நேரத்தால் பெருக்கினால் அது கிடைக்கும். மீன் நோய் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு 10 மில்லிஜூல் அளவிலேயே பெரும் சரிவு ஏற்படுகிறது. சால்மன் இன மீன்களைத் தாக்கும் கணைய அழுகல் வைரஸுக்கோ 100-ஐயும் தாண்ட வேண்டும். உடல் பெரிய ஒட்டுண்ணிகளுக்கும் பாக்டீரியாவுக்கு ஆவதைப் போலப் பல மடங்கு தேவை. "புற ஊதா விளக்கு வைத்திருக்கிறோம்" என்ற வாக்கியத்துக்கு இதனால் தனியே பொருள் இல்லை; எந்தக் கிருமிக்கு, எத்தனை லிட்டர் ஓட்டத்துக்கு என்று கேட்டால்தான் பொருள் வருகிறது. பம்பை மாற்றி ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால், கிருமிக்குக் கிடைக்கும் ஒளி பாதியாகிவிடும். விளக்கு அப்போதும் நீலமாகத்தான் எரிந்துகொண்டிருக்கும்.

விளக்கு எரிவதை மட்டும் வைத்து ஏமாற வேறு வழிகளும் உண்டு. உறையைக் கழற்றிப் பார்த்தால், சில வாரங்களிலேயே அதன்மேல் பழுப்புப் படலம் ஒன்று படிந்திருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்கும் அந்தப் படலம் ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. சுண்ணச் சத்து மிகுந்த நீரில் வெள்ளைப் பொருக்கும் சேரும். வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் அது போகும். விளக்கின் வீரியமும் மெல்லக் குறையும். பொதுவாக 9,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ ஓராண்டு ஓடியதும் எரிந்துகொண்டிருந்தாலும் மாற்றிவிட வேண்டும். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது. கண்ணையும் தோலையும் அது பொசுக்கும்.

ஓசோனும் மற்றவையும்

ஓசோன் குளோரினை விட வேகமானது. மூன்று ஆக்ஸிஜன் அணுக்கள் சேர்ந்த இந்த வாயு, கிருமியைக் கொல்வதோடு நீரின் மஞ்சள் நிறத்தையும் கரிமக் கழிவையும் சிதைத்துத் தெளிய வைக்கிறது; பிறகு தானும் ஆக்ஸிஜனாக மாறிவிடுகிறது. ஆனால் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்ற அளவே மென்மையான மீன்களுக்கு ஆபத்தானது. எனவே தனித் தொட்டியில் கலந்து, மிச்சத்தைக் கரி வடிகட்டியாலோ புற ஊதா ஒளியாலோ நீக்கிய பிறகே நீரை மீனிடம் விட வேண்டும். கடல் நீரில் கூடுதல் எச்சரிக்கை தேவை: அங்குள்ள புரோமைடு அயனியோடு ஓசோன் வினைபுரிந்து, நீண்ட நேரம் தங்கும் நச்சுச் சேர்மங்களை உருவாக்குகிறது. கசிந்த ஓசோன் மனிதரின் நுரையீரலுக்கும் கேடு. அளவிடும் கருவியும் பயிற்சியும் இல்லாத சிறு பண்ணைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊதா நிறத்தில் கரைந்து, வினைபுரிந்து முடிந்ததும் பழுப்பாக மாறுவதால், அது செயல்படுகிறதா என்பது கண்ணுக்கே தெரியும். அளவு சிறிது கூடினாலும் செவுளைப் பொசுக்கும். நீர் வடித்த குட்டையின் ஈரத் தரைக்குச் சுட்ட சுண்ணாம்பு நல்லது, மண்ணின் பி.எச்-ஐ 11-க்கு மேல் ஏற்றி அது கிருமிகளையும் ஒட்டுண்ணி முட்டைகளையும் அழிக்கிறது. பி.எச். இயல்புக்கு இறங்கிய பிறகே மீனை விட வேண்டும். எதையும் போடாமல், மீனில்லாத தேக்கத் தொட்டியில் நீரைச் சில நாட்கள் தங்கவைப்பதும் ஒரு முறைதான்: வெண்புள்ளிக் குஞ்சுகளைப் போல, மீன் கிடைக்காவிட்டால் மடியும் கிருமிகள் பல உண்டு.

சுத்திகரித்த நீரில் வெற்றிடம்

நல்ல முறையில் சுத்திகரித்த நீரில் விட்ட இளங்குஞ்சுகள், சில நாட்களில் கூட்டமாக இறப்பது உண்டு. தொடங்குபவருக்கு இது விளங்காத புதிராகத் தோன்றும். கிருமிநீக்கி நோய்க் கிருமியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. தீங்கற்ற பாக்டீரியாக்களையும் சேர்த்தே அழிக்கிறது. ஆனால் அவை உண்டு வாழ்ந்த கரைந்த சத்துகள் நீரில் அப்படியே இருக்கின்றன. செத்த நுண்ணுயிர்களின் உடல்களும் சேர்ந்து விருந்தாகின்றன. போட்டிக்கு ஆளில்லாத அந்த விருந்துக்கு முதலில் வந்து பெருகுபவை வேகமாக வளரும் இனங்கள். விப்ரியோ போன்ற சந்தர்ப்பவாத நோய்க் கிருமிகள் பல அந்த வகையைச் சேர்ந்தவை. உழுது களையெடுத்த நிலத்தில் பயிரை விதைக்காமல் விட்டால், முதலில் முளைப்பது களைதான் அல்லவா?

ஆகவே பொரிப்பகங்களில், சுத்திகரித்த நீரை உடனே குஞ்சுகளுக்குக் கொடுக்காமல், பாக்டீரியாக்கள் ஒட்டி வாழ இடம் தரும் உயிர்வடிகட்டி வழியே சில நாட்கள் சுற்றவிட்டு, மெதுவாக வளரும் நல்ல பாக்டீரியாக்கள் இடம்பிடிக்கக் காத்திருக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் மறுசுழற்சிப் பண்ணைகளிலும் இதே எண்ணம் தேவை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் அந்த உயிர்வடிகட்டியில்தான் வாழ்கின்றன. குளோரினோ ஓசோன் மிச்சமோ அங்கே சென்றால் அவை மடிந்து, ஓரிரு நாட்களில் அம்மோனியா ஏறி மீன் திணறும். அதனால்தான் புற ஊதா விளக்கைத் துகள் வடிகட்டிக்கும் உயிர்வடிகட்டிக்கும் பிறகு, நீர் மீன் தொட்டிக்குத் திரும்பும் பாதையில் வைக்கிறார்கள்.

நீரை எவ்வளவு கவனமாகச் சுத்திகரித்தாலும், கிருமி வேறு வாசல்களில் வரும்: வெளியிலிருந்து வாங்கிய குஞ்சுகளின் உடலில், பக்கத்துத் தொட்டியில் நனைத்த வலையில், வேலையாளின் காலணியில். புதிய மீன்களைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துக் கவனிப்பதும், தொட்டிக்கு ஒரு வலை வைத்துக்கொள்வதும், வலைகளைக் கிருமிநீக்கிக் கரைசலில் முக்கி உலர்த்துவதும் நீர்ச் சுத்திகரிப்பின் மறுபாதி. நோய் கண்ட தொட்டியிலிருந்து வெளியேறும் நீரையும் சுத்திகரித்து, மிச்சக் குளோரினை நீக்கிய பின்னரே வெளியே விட வேண்டும். கீழ்நீரோட்டத்தில் இருப்பவர் அதையே தம் தொட்டிக்குள் இறைக்கக்கூடும்.

எல்லாம் முடிந்து சோதனைக் குழாயும் தெளிவாக இருந்தாலும், மொத்தக் குஞ்சுகளையும் உடனே விட்டுவிடாதீர்கள். ஒரு சிறு வலைக் கூண்டைத் தொட்டிக்குள் கட்டி, பத்துக் குஞ்சுகளை மட்டும் அதில் விட்டு, ஒரு முழு நாள் கவனியுங்கள். அவை மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறுகின்றனவா, செவுள் மூடிகள் வழக்கத்தை விட வேகமாக அடிக்கின்றனவா, தீவனத்துக்கு ஓடி வருகின்றனவா என்று காலையிலும் மாலையிலும் பாருங்கள். அந்தப் பத்தும் மறுநாள் காலை பசியோடு இருந்தால், மற்றவற்றை விடலாம்.